‘பத்து நாளைக்கு முன்’ என்பதற்கு அகோவா, பிஃபோரா?

சுங்குடிக்கடை (மதுரை) கேட்டது:

வணக்கம். சுங்குடிச் சேலைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு கடையில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். மாதிரித் துணிகளைப் பத்து நாளைக்கு முன் அனுப்பிவிட்டோம் என்பதை எங்களில் ஒருவர் ‘வீ சென்ட் தி சாம்பிள்ஸ் பிஃபோர் டென் டேஸ்’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ‘வீ ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ் டென் டேஸ் அகோ’ என்று எழுதுகிறார். இருவருமே தாம் எழுதுவதுதான் சரி என்கிறார்கள். இவற்றுள் எது சரி என்பதோடு, ஏன் சரி என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மேலூர் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

இரண்டிலுமே பிழை இருக்கிறது. ‘வீ சென்ட் தி சாம்பிள்ஸ் டென் டேஸ் அகோ’ என்பதுதான் சரியான வாக்கியம்.

அகோ என்பது, பேசுகிற அல்லது எழுதுகிற இந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் சொல். கால அளவு முதலில் வர, அதை ஒட்டி அகோ வரும்: டூ அவர்ஸ் அகோ, எ மன்த் அகோ, லாங் அகோ. ‘கழிந்த’, ‘கடந்துபோன’ என்ற பொருளில் வழங்கிய ஒரு பழைய ஆங்கில வினைவடிவம்தான் நாளடைவில் இப்படித் தேய்ந்து நின்றது என்பதால், டென் டேஸ் அகோ என்றால் ‘பத்து நாள் கழிந்த நிலையில்’ என்று வைத்துக்கொள்ளலாம். அளவு ஏன் முன்னால் நிற்கிறது என்பதும் அப்போது விளங்கிவிடும்.

பிஃபோருக்கு நேர் பின்னால் வர வேண்டியது ஒரு கிழமையோ, ஒரு தேதியோ, ஒரு நிகழ்ச்சியோதான்: பிஃபோர் மண்டே, பிஃபோர் பொங்கல், பிஃபோர் தி பஸ் லெஃப்ட். அந்த இடத்தில் டென் டேஸ் என்று அளவை வைத்தால், படிப்பவர் அதைக் கெடுவாக, அதாவது பத்து நாள் முடிவதற்குள் என்று, எடுத்துக்கொள்ள இடமுண்டு. வணிகக் கடிதத்தில் இந்தக் குழப்பம் சிறியதன்று.

இரண்டாவது வாக்கியத்தில் அகோ சரியான இடத்தில் இருந்தாலும் வினை பொருந்தவில்லை. ஹேவ் சென்ட் என்னும் வடிவம், எப்போது என்று குறிக்காமல், செயல் முடிந்திருக்கிறது என்ற இன்றைய நிலையைத் தெரிவிப்பது. அகோவோ எப்போது என்பதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே ‘வீ ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ்’ என்று நிறுத்திக்கொள்ளலாம், அல்லது அகோ சேர்த்து வெறும் சென்ட் என்று எழுதலாம்.

திருமங்கலத்துக்காரர் எழுதியது:

ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பிஃபோர் டூ டேஸ் என்பதை நம் பக்கத்தில் படித்தவர்கள்கூட அன்றாடம் சொல்கிறார்கள், கேட்பவருக்கும் புரிந்துவிடுகிறது. டூ டேஸ் பேக் என்றும் எல்லோரும் சொல்கிறோம். அதுவும் தவறா?

மேலூர் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

பேக் தவறன்று; இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேச்சில் வழங்குவதுதான், கடிதத்தில் அகோ என்று எழுதுவது கூடுதல் பொருத்தம், அவ்வளவே. பிஃபோர் டூ டேஸ் நமக்குள் புரிவதற்குக் காரணம், நாம் அதைக் காதில் வாங்கும்போதே ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’ என்று தமிழாக்கிக்கொள்வதுதான். சிங்கப்பூரிலோ லண்டனிலோ கடிதத்தைப் பிரிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

சுங்குடிக்கடை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இன்னும் ஓர் ஐயம். ‘டூ இயர்ஸ் பிஃபோர்’ என்று அளவுக்குப் பின்னால் பிஃபோர் வருவதை ஆங்கிலப் புத்தகங்களில் பார்க்கிறேன். அதுவும் அகோவும் ஒன்றா?

மேலூர் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

நல்ல கேள்வி, பிழை அதிகம் நேர்வது இங்கேதான். நம் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். காந்தியடிகள் முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில், மதுரையில். அதற்கு முன் 1919-இல் அவர் இங்கு வந்திருந்தார். 1921 நிகழ்ச்சியை விவரித்துக்கொண்டிருக்கும்போது அந்த முதல் வருகையைச் சொல்ல வேண்டுமானால் ‘ஹீ ஹாட் விசிட்டட் மதுரை டூ இயர்ஸ் பிஃபோர்’ என்று எழுத வேண்டும். பிஃபோருக்குப் பதிலாக எர்லியர் என்றும் எழுதலாம். அங்கே டூ இயர்ஸ் அகோ என்று எழுதினால், இன்றைக்கு இரண்டு ஆண்டுக்கு முன் காந்தியடிகள் மதுரைக்கு வந்ததாக ஆகிவிடும்!

எண்ணத் தொடங்கும் புள்ளி இன்றாக இருந்தால் அகோ, கடந்த காலத்தில் வேறொரு நாளாக இருந்தால் அளவுக்குப் பின் பிஃபோர். தமிழில் ‘முன்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்துவிடுவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

மருத்துவக்குறிப்பு (மதுரை, அண்ணாநகர்) எழுதியது:

ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் வெளியேற்றக் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன அந்த இரண்டாவது வேறுபாடு எங்களுக்கு நாள்தோறும் தேவைப்படுவது. நோயாளி வாய்மொழியாக ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி நெஞ்சு வலிச்சுது’ என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியை ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் புரட்டக்கூடும் என்பதால், அதில் டூ டேஸ் அகோ என்று இருந்தால் எந்த நாளிலிருந்து இரண்டு நாள் என்பது தெளிவாக இராது. அதனால் ‘டூ டேஸ் பிஃபோர் அட்மிஷன்’ என்றே அடிக்கிறோம். அளவும் இருக்கிறது, எண்ண வேண்டிய புள்ளியும் இருக்கிறது. ‘மூன்று நாளாகக் காய்ச்சல்’ என்பதை மட்டும் பலர் ‘ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்’ என்று எழுதித் தருகிறார்கள். அதையும் மாற்ற வேண்டுமா ஐயா?

மேலூர் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

மாற்ற வேண்டும், அம்மா. சின்ஸுக்குப் பின்னால் தொடங்கிய நாள்தான் வரும்: ‘ஃபீவர் சின்ஸ் மண்டே’. அளவைச் சொல்வதானால் ‘ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’. காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறிக்க வேண்டுமானால், நீங்கள் நெஞ்சு வலிக்கு எழுதிய அதே முறையில் ‘த்ரீ டேஸ் பிஃபோர் அட்மிஷன்’ என்று எழுதுங்கள்.