திண்ணைக்கு எத்தனை தூண்?

குழு: பெரிய வீட்டு உறவுகள்

மயிலாப்பூர் அத்தை: நம் கும்பகோணம் வீட்டின் முகப்புப் படம் யாரிடமாவது இருக்கிறதா? திண்ணை முழுதாகத் தெரிய வேண்டும். அண்ணாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு நானே வாட்டர் கலரில் வரைந்து தரப்போகிறேன். கை பழக ஒன்று போட்டேன், சிரிக்கக் கூடாது.

மயிலாப்பூர் அத்தை: [படம்]

கோவை தம்பி: அத்தை, தாள் ஏன் பொரித்த அப்பளம் மாதிரி இருக்கிறது 😂

திருச்சி சித்தி: மேலே அது என்ன, யானையா?

மயிலாப்பூர் அத்தை: மழைமேகம்.

டிராயிங் மாமா: அண்ணி, முதல் குற்றவாளி தாள்தான். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டால் உப்பிவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் வாங்குங்கள், பருத்தித் தாள் என்றால் இன்னும் நல்லது. நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் போட்டுப் பலகையில் ஒட்டுங்கள். காயும்வரை பிரிக்கக் கூடாது. மேகம் யானையானது எப்படியென்றால், பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈரப் பிரஷ்ஷை வைத்திருக்கிறீர்கள். நல்ல ஈரத்தில் தொடலாம், நன்றாகக் காய்ந்த பிறகு தொடலாம். நடுவில் தொட்டால் பூப்பூவாக ஓரம் கட்டிவிடும்.

பெரியண்ணன்: அத்தை, இந்தக் குழுவில் அப்பாவும் இருக்கிறார்!!

மயிலாப்பூர் அத்தை: ஐயோ. காலை வணக்கம் அனுப்பத்தானே திறப்பார்.

சின்ன அத்தை: இவரை இனி நிறுத்த முடியாது. சாப்பாடு ஆறுகிறது.

திருச்சி சித்தி: என்னிடம் படம் இல்லை. விற்கும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள் என்றேன். யார் கேட்டது.

பெரியண்ணன்: சித்தி, அந்தப் பேச்சு வேண்டாமே.

திருச்சி சித்தி: நான் படத்தைத்தான் சொன்னேன்.

கோவை தம்பி: என் காதுகுத்துப் படம் இருக்கிறது. பின்னால் திண்ணை. [படம்]

மயிலாப்பூர் அத்தை: உன் தாய்மாமன் தொப்பைதான் தெரிகிறது. திண்ணைக்கு ரெண்டு தூணா, நாலா?

சின்ன அத்தை: ரெண்டு

திருச்சி சித்தி: நாலு. கல்யாணமாகி வந்த வாரமே மூணாவது தூணில் மண்டையை இடித்துக்கொண்டவள் நான்.

டிராயிங் மாமா: தூண் எத்தனையாகவும் இருக்கட்டும். அண்ணி, சுண்ணாம்புச் சுவர் என்பதற்காக வெள்ளை எடுத்துப் பூசிவிடாதீர்கள். அங்கே தாளை அப்படியே விட்டுவிடுங்கள். தூணின் நிழலை மட்டும் போட்டால் சுவர் தானாக எழும்பி நிற்கும். நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம், அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் அருமையான சாம்பல் வரும். அதே பர்ன்ட் சியன்னா ஓட்டுக்கும் ஆகும். வெளிர் நிறங்கள் முதலில், அடர்த்தி கடைசியில். காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளுக்கும், அதனால் கொஞ்சம் தைரியமாகவே எடுங்கள். தண்ணீர் ரெண்டு பாத்திரத்தில்: ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று கலக்க.

கோவை தம்பி: மாமா 🙏

பெரியண்ணன்: திருக்கடையூருக்கு வேன் சொல்ல வேண்டும். வீட்டுக்கு எத்தனை பேர்?

சின்ன அத்தை: 2

திருச்சி சித்தி: ஊஞ்சலையும் படத்தில் போடு. இப்போது யார் வீட்டில் ஆடுகிறது என்று எல்லோருக்கும் ஞாபகம் வரட்டும்.

பெரியண்ணன்: சித்தி

மயிலாப்பூர் அத்தை: ஊஞ்சல் கூடத்தில் கிடந்தது அண்ணி, முகப்பில் எப்படி வரும்? அப்பா அன்று என்னைக் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் சேர்த்திருந்தால் இந்த வயதில் தாளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. வங்கிப் பரீட்சை எழுது என்றார்.

சின்ன அத்தை: அந்தச் சம்பளத்தில்தான் என் கல்யாணம் நடந்தது அக்கா.

மயிலாப்பூர் அத்தை: சொல்லிக்காட்டவில்லையடி.

மயிலாப்பூர் அத்தை: மாப்பிள்ளை, அந்த 300 தாள் என்ன விலை?

பெரியப்பா: காலை வணக்கம் 🌹

கோவை தம்பி: பெரியப்பா, மணி இரவு எட்டு

பெரியண்ணன்: அப்பா, மேலே எதையும் படிக்க வேண்டாம்

பெரியப்பா: தூண் மூன்று. 1977 புயலில் ஒன்று விழுந்தது. திரும்ப வைக்கவில்லை.

திருச்சி சித்தி: அப்படியென்றால் நாலு சரிதானே?

சின்ன அத்தை: விழுந்ததை எப்படி வரைவது

பெரியப்பா: எனக்குப் படம் எதற்கு. வேட்டி போதும்.

பெரியண்ணன்: வேனுக்கு ஒரு வீடுதான் பதில் சொல்லியிருக்கிறது.