சுக்கா ப்ராஜெக்ட்: பத்து கையகலத்தை யார் சொன்னது?

கணக்கு_டீச்சர்: பக்கத்து இழையில் பழையபாடம் எழுதியிருக்கார்: "அமெரிக்க யூதப் பள்ளிகளில் ப்ராஜெக்ட் முறை வந்து படிப்பு போச்சு. தால்முத் படிச்ச பரம்பரை இப்போ அட்டை வெட்டி ஒட்டுது." (தால்முத்னா யூதச் சட்ட விவாதங்களோட பெருந்தொகுப்பு.) நான் அப்படி ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். காலையில் ஹீப்ருவும் தோராவும் (யூத வேதம்), மதியம் கணக்கும் அறிவியலும். வாயடைச்சு உட்கார முடியலை.

யூதர்களோட கூடாரப் பண்டிகைக்குப் போடுற குடில்தான் சுக்கா. அதுதான் எங்க வகுப்பு ப்ராஜெக்ட். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்ற விதி: உயரம் 20 முழத்தைத் (ஒரு முழம் ஆறு கையகலம்) தாண்டக்கூடாது, 10 கையகலத்துக்குக் குறையக்கூடாது, உள்ளே நிழலைவிட வெயில் அதிகமா இருக்கக்கூடாது. பிள்ளைங்க அவங்கவங்க கையை அளந்தாங்க. ஆளுக்கொரு அளவு வந்துச்சு. அப்போ யார் கையை வெச்சுக் கட்டுறது? போன நூற்றாண்டு ரப்பிகளே (யூத மத அறிஞர்களே) இதில் ஒத்துப்போகலை. ஒரு தரப்பு 8 செ.மீ. என்றது, ஹஸோன் இஷ் என்ற ரப்பி ஏறத்தாழ 9.6 என்றார். குறைந்தபட்ச உயரம் 80 செ.மீ.யா, 96-ஆ? ஒரு வாரம் வகுப்பே சண்டை போட்டுச்சு. இதுவா அட்டை ஒட்டுறது?

பழையபாடம்: எல்லாம் சரி மேடம். பத்து கையகலம்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சாங்களா, நீங்க சொன்னீங்களா?

கணக்கு_டீச்சர்: மிஷ்னாவில் இருக்கு, வாசிச்சாங்க. அதுக்கு மேலே கேளுங்க. 20 முழம் ஏன் கூடாதுன்னு தால்முத் மூணு காரணம் சொல்லுது. ரப்பி ஸெய்ரா சொன்னது: அவ்வளவு உயரத்தில் விழுறது சுவரோட நிழல்தான், கூரை நிழல் இல்லை. பிள்ளைங்க மாதிரிக் குடில் செஞ்சு, விளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சு, சுவரை உயர்த்தி உயர்த்திப் பார்த்தாங்க. கோணமும் விகிதமும் கையில் வந்துச்சு.

பழையபாடம்: ஆக, பத்து புத்தகம் சொன்னது. புத்தகத்தைப் பார்த்துப் படிச்சா அது என் முறை, உங்க முறை இல்லை.

திண்ணை_ராஜா: அதானே. கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் 2006-லேயே எழுதிட்டாங்க, வழிகாட்டாம விட்டா புதுசாப் படிக்கிறவன் தேறமாட்டான்னு.

கணக்கு_டீச்சர்: ராஜா சார், அதுக்கு 2007-ல் அதே இதழில் மறுப்பு வந்ததைப் படிச்சீங்களா? ப்ராஜெக்ட்னா வழிகாட்டாம விடுறது இல்லைன்னு அதில் விளக்கியிருக்காங்க. போன வருஷம் மாண்டிசோரி இழையிலும் பாதிக் கட்டுரையைக் காட்டிட்டுத்தான் ஓடிப்போனீங்க.

திண்ணை_ராஜா: ஓடலை. மகனுக்குப் பரீட்சை. அதை இன்னுமா மனசுல வெச்சிருக்கீங்க?

வெண்ணிலா: ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பக்கத்தை வெச்சு வாதாடுற ஹவ்ருத்தா முறை யூதர்கள்கிட்ட காலங்காலமா இருக்கே. இதுக்குக் குழந்தை உளவியலாளர் பியாஜே எதுக்கு? இன்னொரு உளவியலாளர் வைகோட்ஸ்கியே யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

பழையபாடம்: பிறப்பை வெச்சு எல்லாம் முறை வராதும்மா.

வெண்ணிலா: நான் அப்படிச் சொல்லலை. சொல்லாததுக்குப் பதில் எழுதுறதே உங்களுக்கு வழக்கம்.

கணக்கு_டீச்சர்: சண்டை வேண்டாம், என் பதிலைப் படிங்க. மனப்பாடம் செஞ்ச பையன் "பத்து" சொல்வான். கையை அளந்த பையன் "யாரோட பத்து"ன்னு கேப்பான். தால்முத் முழுக்க இந்தக் கேள்விதான். அதில் பாவா பாத்ரா என்ற பகுதியில் ஒரு ஆசிரியருக்கு 25 பிள்ளைங்க, 40 ஆனா உதவியாள், 50 ஆனா இன்னொரு ஆசிரியர்னு இருக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்கணும்னுதானே அந்தக் கணக்கு?

திண்ணை_ராஜா: அதுல எங்க மேடம் ப்ராஜெக்ட் இருக்கு? 25 பேரை உட்கார வெச்சு ஒப்பிக்க வெச்சாங்க.

கணக்கு_டீச்சர்: நீங்க போய்ப் பார்த்தீங்களா?

திண்ணை_ராஜா: நீங்க பார்த்தீங்களா?

பழையபாடம்: ரெண்டு பேரும் பேச்சை மாத்தாதீங்க. 10 கையகலம். யார் சொன்னது? ஒரு வரியில் பதில் போதும்.

கணக்கு_டீச்சர்: ஒரு வரியில் முடியற விஷயம் இல்லை சார். ஹஸோன் இஷ் அளவில் 20 முழம் பதினொன்றரை மீட்டருக்கும் மேலே. 8 செ.மீ. அளவில் 9.6 மீட்டர். இந்த இடைவெளி எப்படி வந்துச்சுன்னு உங்க முறையில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க, நான் வந்து உட்கார்ந்து கேக்கறேன்.

பழையபாடம்: கேள்வி 20 முழம் இல்லை மேடம். பத்து.

வெண்ணிலா: பாருங்க, இதைத்தான் சொன்னேன்.