தன்னார்வக் குழுவில் வருகைக்குப் பரிசு வைத்தால் ஆர்வம் கூடுமா, குறையுமா?

கேள்வி:
வாரம் ஒருமுறை கூடும் படிப்பு வட்டத்தில் வருகைக்குப் புள்ளி, மாதக் கடைசியில் பரிசு என்று வைக்கலாமா? 'முதலில் ஒட்டுறவு, பிறகுதான் பாராட்டும் மதிப்பும்' என்று, மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடைக் காட்டுகிறார்கள். அந்த வரிசையில்தான் போக வேண்டுமா?

பதில் 1:
வேண்டியதில்லை. மாஸ்லோவின் 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஒரு தேவை முழுதாக நிறைந்தால்தான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை. சராசரி ஆளுக்கு ஒவ்வொரு தேவையும் எவ்வளவு நிறைந்திருக்கும் என்று விளக்கத்துக்காக அவரே போட்ட உத்தேச எண்கள்: உடல்தேவை 85%, பாதுகாப்பு 70%, அன்பு 50%, சுயமதிப்பு 40%, தன்திறன் நிறைவு 10%. எல்லாம் ஒரே ஆளிடம், ஒரே சமயத்தில்.

பதில் 2:
பரிசு விஷயத்தில் கவனம் தேவை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைகளை எடுத்துக்கொண்டார்கள். 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். அதே சான்றிதழை எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. ஆக, கெடுப்பது பரிசு அல்ல, 'வந்தால் தருவேன்' என்ற பேரம். நாற்காலி அடுக்குவது போன்ற சலிப்பு வேலைக்குப் பரிசு வைத்தால் பெரிய நஷ்டமில்லை. அங்கே குறைவதற்கு ஆர்வமே இல்லையே!

கேள்வி கேட்டவர்:
சரி, புள்ளிக்குப் பதில் என்ன செய்வது?

பதில் 3:
உளவியலாளர்கள் டெசி, ரயன் சொல்லும் மூன்று தேவைகளைப் பாருங்கள்: தன் விருப்பப்படி இயங்குவது, 'என்னால் முடிகிறது' என்ற உணர்வு, உறவு. அடுத்த வாரத் தலைப்பை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும். பாராட்டும்போது எது நன்றாக வந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். 'நான் எதிர்பார்த்தபடியே செய்தாய்' என்றால் அது பாராட்டு வேடத்தில் வரும் அதிகாரம்.

பலர் சறுக்குவது உறவில்தான். உறவுத் தேவை நிறைய, உளவியலாளர்கள் பாமைஸ்டர், லியரி 1995இல் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள்: அடிக்கடி இனிமையான சந்திப்பு, அதோடு அக்கறையுள்ள, நீடிக்கும் பிணைப்பு. வாரம்தோறும் ஆட்களைக் கலைத்துப் போட்டால் முதலாவது கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. நான்கைந்து பேரை இரண்டு மாதமாவது சேர்ந்தே விடுங்கள்.

பதில் 2:
இதில் சண்டையும் உண்டு. பரிசால் பெரிய கெடுதல் இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள் கேமரன், பியர்ஸ் (1994). 128 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் டெசி குழு மறுத்தது: முன்பே அறிவித்த பொருட்பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது, வாய்ப்பாராட்டு கூட்டுகிறது. அந்தப் பாராட்டின் பலன் கல்லூரி வயதினரிடம் தெரிந்தது, சிறுவர்களிடம் தெரியவில்லை. உங்கள் வட்டத்தில் எந்த வயதினர்?