மெட்டலா, பிளாஸ்டிக்கா? கடற்கரைப் பக்க வீட்டுக்கு ஒரு லெப்டொப்

மெரின்டிரைவ்_காற்று:
கம்பஸ் போகும் தங்கைக்கு லெப்டொப் எடுக்க வேண்டும். யூனிட்டி பிளாசாவில் இரண்டு மொடல் பார்த்து வைத்திருக்கிறோம். ப்ரொசெசர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் ஒன்றுதான். ஒன்று அலுமினியம், மற்றது பிளாஸ்டிக். விலை வித்தியாசம் கொஞ்சமில்லை. வீடு வெள்ளவத்தையில், ஜன்னல் கடலைப் பார்த்தது, ஏசி கிடையாது. மெட்டல் என்றால் சூடு குறையும் என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையா? கை வைத்தால் கரண்ட் அடிக்கும் என்றும் ஒரு கதை இருக்கிறது. உப்புக் காற்றுக்கு எது தாங்கும்? ஐந்து வருடமாவது ஓட வேண்டும்.

பிணைச்சல்:
தம்பி, கேசிங் என்னெண்டுறதை விட, திரையைத் திறந்து மூடுற பிணைச்சல் (ஹிஞ்ச்) எதில பூட்டியிருக்கு எண்டதைப் பாருங்கோ. ஐஞ்சு வருசம் ஓடுமா எண்டது அதிலதான் இருக்கு.

பிளாஸ்டிக் லெப்டொப் விழுந்து உடையிறதை விட, திறந்து மூடியே உடையிறதுதான் கூட. கை வைக்கிற மேல் தட்டுக்கு உள்பக்கம் சின்னச் சின்னக் குமிழ் நிக்கும். அதுக்குள்ள பித்தளை நட்டைச் சூடாக்கி இறக்கியிருப்பாங்கள். பிணைச்சல் தகட்டை மூண்டு நாலு ஸ்குரூ அந்த நட்டோட பிடிச்சிருக்கும். வருசம் போகப் போக பிணைச்சல் இறுகும். பிறகு ஒவ்வொருக்கா திரையைத் தூக்கேக்கையும் அந்த நட்டுகளைத்தான் மேல இழுக்கிறீங்கள். ஒரு மூலையில பிடிச்சுத் திறக்கிற பழக்கம் எண்டா முழுப் பாரமும் ஒரு பக்கத்துக் குமிழுக்கு. ஒருநாள் ‘டிக்’ எண்டு கேக்கும். பின் மூலையில கவர் நகக்கண் அளவுக்கு வாய் பிளந்திருக்கும். அதோட நிப்பாட்டவேணும். வேலை செய்யுதுதானே எண்டு திறந்து மூடினா பிணைச்சல் திரையின்ர கீழ் மூலையை நெம்பிப்போடும். கவரோட முடியவேண்டிய செலவு பனலுக்கும் போகும்.

நட்டுக் கழண்ட மட்டில இருந்தா திருத்தலாம். பற்றறிக் கனெக்டரைக் கழட்டிப்போட்டு, முதல்ல பிணைச்சலை இறுக்கி வைச்சிருக்கிற அதின்ர சொந்த நட்டை (பித்தளை நட்டை இல்லை) கால் சுத்து இளக்குங்கோ. இதை விட்டுட்டு ஒட்டினா திரும்பக் கழரும். பித்தளை நட்டுகளை அதே ஸ்குரூவால பிணைச்சலோட பூட்டி, இடம் சரியா இருக்கிறதா எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. உடைஞ்ச இடத்தைச் சாண்ட் பேப்பரால உரஞ்சி, ஐசோபுரொப்பைல் அல்கஹோலால துடைச்சு, அரல்டைட் மாதிரி ரெண்டு ரியூப் பசையைக் குமிழைச் சுத்தி அணை கட்டினமாதிரி நிரப்புங்கோ. ஐஞ்சு நிமிசத்தில இறுகிற வகை வேண்டாம், மெதுவா இறுகிறதுதான் பலம். ஸ்குரூப் புரியில துளி கிறீஸ் தடவாட்டி ஸ்குரூவும் சேந்து ஒட்டிப்போகும். 24 மணித்தியாலம் தொடாதேங்கோ. சூப்பர் குளூ இதுக்குச் சரிவராது, காஞ்சா மொறுமொறுப்பு, முதல் இழுவையிலேயே விட்டுடும்.

இன்னொண்டு. கடையில ‘மெட்டல்’ எண்டா கனதரம் மேல் மூடி மட்டும்தான். கீப்போர்ட் பக்கமும் அடியும் வெள்ளி நிறம் அடிச்ச பிளாஸ்டிக். பிணைச்சல் பூட்டுறது கீப்போர்ட் பக்கத் தட்டில, மூடியில இல்லை. காந்தம் வைச்சுப் பாத்துப் பிரயோசனமில்லை, அலுமினியத்தில காந்தம் ஒட்டாது. லெனோவோ எண்டா அவையின்ர பிஎஸ்ரெஃப் (PSREF) எண்ட மொடல் விபர இணையப் பக்கத்தில மொடல் பெயரை அடிச்சா ‘கேஸ் மெட்டீரியல்’ எண்ட வரியில மேல் எது, அடி எது எண்டு தனித்தனியாப் போட்டிருக்கும். டெல், எச்பிக்கு கழட்டிப் பூட்டுற மனுவல் இணையத்திலேயே இருக்கு. அதில பிணைச்சல் கழட்டுற படத்தைப் பாருங்கோ.

மூன்றாம்_முள்:
கரண்ட் கதைக்கு மட்டும் பதில். அது உண்மை, ஆனால் குற்றம் மெட்டலில் இல்லை.

சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வை (Y) வகைக் கப்பாசிற்றர் இருக்கும். அதன் வழியாக மெயின்ஸிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்து லெப்டொப்பின் கிரவுண்டுக்கு வரும். ஏர்த் கம்பி இருந்தால் அது அங்கே போய்விடும். இல்லையென்றால் கேசிங் ஏர்த்தோடு சேராமல் அந்த வோல்ற்றிலேயே மிதக்கும். நம் 230 வோல்ற்றில் மல்டிமீற்றர் 80, 100 என்று காட்டினாலும் கசிவது மில்லியம்பியரின் சிறு பங்குதான். சீமெந்துத் தரையில் வெறும் காலோடு இருந்து மணிக்கட்டை உரசும்போது கிறுகிறு என்று தெரியும். பிளாஸ்டிக் லெப்டொப்பிலும் யூஎஸ்பி ஓட்டையின் உலோக விளிம்பில் இதே வோல்ற்று இருக்கும், கை படாததால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சோதிக்க: மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து ஒரு முனையை யூஎஸ்பி விளிம்பிலும் மற்றதை பிளக் பேஸின் ஏர்த்திலும் பிடியுங்கள். கேசிங்கில் பிடித்தால் பிழையான அளவு வரலாம். அலுமினியத்தின் மேல் இருக்கும் அனடைஸ் பூச்சு மின் கடத்தாது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் ஏர்த் சரி. இலேசான கிறுகிறுப்பு இல்லாமல் உண்மையாகவே தூக்கி அடித்தாலோ, ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ சார்ஜர் பழுது, உடனே கழற்றுங்கள்.

மெரின்டிரைவ்_காற்று:
நன்றி அண்ணா. வீட்டில் மூன்று துளை உள்ள 13 அம்பியர் பேஸ்தான். சார்ஜர் வயரில் மட்டும் ஜேர்மனிப் பிளக் வரலாம், ஏனென்றால் அலுமினிய மொடலை மாமா அங்கிருந்தும் அனுப்பலாம் என்கிறார். மேல் துளையில் பேனை மூடியைக் குத்தினால் அந்தப் பிளக் உள்ளே போகும்.

மூன்றாம்_முள்:
அதுதான் நோயே. ஜேர்மனிப் பிளக்கின் ஏர்த் பக்கவாட்டில் இருக்கும் தகடு. நம் பேஸில் அது எதையும் தொடாது. பேனை மூடி கீழ்த் துளைகளை மூடியிருக்கும் ஷட்டரைத் திறக்கும், ஏர்த் தராது. முள்ளும் இறுக்கமாக நிற்காது, தளர்ந்த இடம் சூடேறி பேஸ் கருகும். சார்ஜர் பக்க முனை மூன்று இலை வடிவமாக இருந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும். 13 அம்பியர் பிளக் பூட்டிய வயர் கொம்பியூட்டர் கடையில் கிடைக்கும், உள்ளே 3 அம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். முனை எட்டு வடிவமாக இரண்டு துளையோடு இருந்தால் அந்தச் சார்ஜரில் ஏர்த்தே கிடையாது. கிறுகிறுப்போடு இருக்க வேண்டியதுதான், அல்லது மூன்று முள் சார்ஜர்.

அடுக்குமாடி_4:
சூடு பற்றி யாரும் சொல்லவில்லை. அலுமினியக் கலவை பிளாஸ்டிக்கை விட நூற்றுக்கணக்கான மடங்கு வெப்பம் கடத்தும். ஆனால் விசிறி உள்ள லெப்டொப்பில் ப்ரொசெசரின் சூட்டை வெளியே தள்ளுவது செப்புக் குழாயும் விசிறியும்தான், கேசிங்கின் பங்கு சிறிது. மெட்டல் சூட்டைப் பரத்தி விடுகிறது. பிளாஸ்டிக்கில் அது ஓரிடத்தில் தேங்கும். ஒரே 42 பாகையில் மெட்டல்தான் கையைக் கூடச் சுடும், ஏனென்றால் வேகமாகக் கைக்கு மாற்றுகிறது. ஏசி இல்லாத அறையில் மடியில் வைக்கிற பிள்ளைக்கு இது முக்கியம். கடையில் விற்கிற கடினப் பிளாஸ்டிக் மேலுறையை அலுமினியத்துக்குப் போட்டால் அந்தக் கொஞ்ச நன்மையும் போய்விடும். மூடியில் மாட்டுகிற உறை பிணைச்சலுக்கும் பாரம்.

உப்புக் காற்று: அனடைஸ் பூச்சு உள்ளவரை அலுமினியம் நன்றாகத் தாங்கும். காப்பு, மோதிரம் உரசி விளிம்பில் பூச்சுப் போன இடத்தில்தான் வியர்வையும் உப்பும் சேர்ந்து சிறு குழி விழும், வெள்ளைப் பொடி பூக்கும். மக்னீசியக் கலவை இன்னும் மோசம். பெயிண்ட் கீறிய இடத்திலும், இரும்பு ஸ்குரூ தொடும் இடத்திலும் கொப்பளிக்கும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆனால் றப்பர் மாதிரி மெத்தென்று பூச்சடித்த மொடலைத் தவிருங்கள், நம் ஈரப்பதத்தில் சில வருடத்தில் பிசின்போல் ஒட்டத் தொடங்கும்.

ஆனால் பிணைச்சல் சொன்னதோடு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. கடலோரத்தில் ஐந்து வருடத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மதர்போர்ட்தான். விசிறி இழுப்பது அதே உப்புக் காற்றை, கேசிங் எதுவானாலும். மேசையை ஜன்னலடியில் போடாதீர்கள். தங்கை ஏசி விரிவுரை மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் திறக்க வேண்டாம், குளிர்ந்த உலோகத்தில் நீர் வியர்க்கும். பையை மூடியபடி அரை மணித்தியாலம் விட்டுத் திறக்கட்டும்.

பிணைச்சல்:
மதர்போர்ட் கதை சரி, ஒத்துக்கொள்ளுறன். அந்த பிளாஸ்டிக் மொடலின்ர முழு நம்பரை இங்க போடுங்கோ, மனுவலில பாத்துச் சொல்லுறன். நட்டு உலோகச் சட்டத்தில இருந்தா அதையே எடுங்கோ.