ஸ்டீரிங் பக்கம் சாயும் எஞ்சின்: கிட் காரில் மவுண்ட் மாற்றிக் கட்டிய அனுபவம்

வணக்கம் நண்பர்களே. லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த காரின் பாணியில் குழாய் ஃபிரேம் வைத்துக் கிட் கார் (பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் கார்) கட்டுகிற நம்மவர்கள் கோலாலம்பூரில் சிலர் இருக்கிறார்கள். பேசிப் பார்த்தால் பலருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை நிற்கிறது. எஞ்சின் உட்கார்ந்துவிடும், ஸ்டீரிங் சக்கரத்திலிருந்து முன்னால் போகும் ஷாஃப்டுக்கு வழி இருக்காது. எனக்கும் அங்கேதான் நின்றது. தீர்ந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஸ்டீரிங் சமாச்சாரம், ஏதோ ஓடுகிறது என்று விட்டுவிட முடியாது.

என் காருக்கு எஞ்சின் ஒரு பழைய 1.6 லிட்டர். ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடை) எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப், முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் ராக் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தது, அதனால் எடுத்தேன். ஃபிரேம் இன்னொருவர் பாதி கட்டி விற்றது. வேறு எஞ்சினுக்கு அளவெடுத்தது. என் எஞ்சினில் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்) வலப்பக்கம். நம் ஊரில் ஸ்டீரிங்கும் வலப்பக்கம். அமெரிக்காக்காரர்கள் கட்டுகிற வீடியோவைப் பார்த்து அப்படியே செய்ய முடியாது. அவர்களுக்கு ஸ்டீரிங் இடப்பக்கம், இந்த எஞ்சினில் அது காற்று உள்ளே போகும் இன்டேக் இருக்கும் பக்கம். சூட்டுப் பிரச்சினையே இல்லை. செவன் அமைப்பில் ராக் எஞ்சினுக்கு முன்னால் இருப்பதால், நமக்கு ஷாஃப்ட் எக்ஸாஸ்ட் குழாய்களை ஒட்டியே முழு நீளமும் போக வேண்டும்.

எஞ்சினை இறக்கிப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் குழாய்கள் சேர்ந்த மேனிஃபோல்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. செந்தூலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எஞ்சினை ஃபிரேமில் தாங்கிப் பிடிக்கும் இடப்பக்க மவுண்ட் பிராக்கெட்டுக்கு அடியில் மரக்கட்டையை வைத்து, கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். எஞ்சின் மெல்லப் புரண்டு, குழாய் போய் ஷாஃப்டில் டக்கென்று முட்டியது.

"நிக்கும்போது இடம் இருக்கு தம்பி. காடி ஓடும்போது?"

இதுதான் விஷயமே. எஞ்சின், பின்னால் டிஃப்புக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை ஒரு பக்கம் திருப்பும்போது தான் எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்த்தால் இந்த எஞ்சினில் இடப்பக்கம் தூக்கும், வலப்பக்கம் அமுங்கும். அதாவது நேராக ஸ்டீரிங் பக்கம் சாயும். எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை சுமார் 136 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் முதல் கியர் விகிதம் 3.136, ஆக கியர்பாக்ஸை விட்டு வெளியே வரும்போது அது 425ஐத் தாண்டிவிடுகிறது. மவுண்ட் தாங்க வேண்டியது இந்தப் பெரிய கணக்கை. ரிவர்ஸில் சாய்வு எதிர்ப்பக்கம், அது நமக்குத் தொந்தரவு இல்லை.

ஷாஃப்டை இன்னும் கொஞ்சம் வளைத்து ஒதுக்கிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டீரிங்குக்கு எஞ்சின்தான் வழிவிட வேண்டும். அதனால் முதலில் மவுண்டைச் சரிசெய்தோம்.

பழைய கட்டுநர் பிராக்கெட்டைக் கீழ்க்குழாயின் நட்டநடுவில் ஒட்டவைத்திருந்தார். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர்தான். நடுவில் சுமை ஏற்றினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அதை வெட்டி எடுத்து, குறுக்குக் குழாய்கள் வந்து சேரும் முனையில் புது பிராக்கெட் போட்டோம். ஹாஃப் கட்டோடு வந்த ரப்பர் அமுங்கிப் போயிருந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலியூரித்தேன் புஷ் வைத்தோம். ரப்பரே இல்லாமல் இரும்போடு இரும்பாகப் பூட்டினால் அசையாதே என்று கேட்பீர்கள். அசையாது, ஆனால் அதிர்வு முழுவதும் ஃபிரேமுக்குப் போய் வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடும்.

இன்னொன்று, இந்த எஞ்சின் வந்த வண்டியில் கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்ட் கிடையாது. கியர்பாக்ஸையும் டிஃப்பையும் நீளமான ஒரு அலுமினியச் சட்டம் சேர்த்துப் பிடித்திருக்கும். செவன் ஃபிரேமில் இரண்டு சீட்டுக்கும் நடுவே போகும் டனலுக்குள் அது நுழையாததால் எடுத்துவிட்டேன். எடுத்தால் கியர்பாக்ஸின் வால் தொங்கும், டிஃப் மூக்கைத் தூக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம் போட்டே ஆக வேண்டும்.

அப்புறம் எஞ்சினை 20 மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினோம். எஞ்சினின் கிராங்க் கோடும் டிஃப்புக்குள் நுழையும் பினியன் கோடும் இணையாக இருக்கும்வரை இப்படித் தள்ளி வைப்பதில் தப்பில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு ஜாயிண்டும் ஒரே கோணத்தில் இருக்கும், அதிர்வு வராது. பக்கத்து சீட்டில் உட்காருபவருக்குக் கால் வைக்கும் இடம் சற்றுக் குறைந்தது. சரி, அது போகட்டும்.

அதற்குப் பிறகுதான் ஷாஃப்ட். இரும்பை வெட்டுவதற்கு முன்னால் பிவிசி குழாயைக் கட்டிப் பாதையைப் பார்த்தோம். இரண்டு யூ-ஜாயிண்டோடு (கோணத்தில் மடங்கியபடியே சுற்றும் இணைப்பு) போனால் மேல் ஜாயிண்ட் 30 டிகிரிக்கு மேல் மடங்கியது. யூ-ஜாயிண்ட் 30 டிகிரியில் நின்றால், ஒரே சுற்றுக்குள் வேகம் 13 சதவீதம் குறைந்து 15 சதவீதம் கூடும். கையில் ஸ்டீரிங் இறுகி இளகுவது தெரியும். அதனால் மூன்று ஜாயிண்ட் வைத்தேன். மூன்று வைத்தால் நடுவில் ஷாஃப்டைப் பிடிக்க ஒரு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் திருப்பும்போது நடு ஜாயிண்ட் வெளியே துள்ளும். அந்தப் பேரிங் உட்காரும் கூட்டைச் சான் சோ லின்னில் ஒரு லேத் பட்டறைத் தவுக்கே (முதலாளி) கடைந்து கொடுத்தார். படத்தைப் பார்த்ததும் "பொலே, பொலே" (முடியும், முடியும்) என்று சொன்னாலும், ஸ்டீரிங்குக்கு என்று தெரிந்ததும் பேரிங்கைக் கையில் வாங்கி அளந்த பிறகுதான் வேலையைத் தொட்டார். அந்தக் கவனத்துக்காகவே அவரிடம் மறுபடி போவேன். நேரான ஷாஃப்டைவிட இப்படி உடைத்து உடைத்துப் போகும் ஷாஃப்டில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்னால் மோதினால் மடங்கும், நெஞ்சை நோக்கி வராது. ஷாஃப்டில் எங்கேயும் வெல்டிங் வைக்கவில்லை. பல் வைத்த ஜாயிண்டும் பூட்டுப் போல்டும் மட்டும்தான்.

மேனிஃபோல்டையும் புதிதாக வளைத்தோம். பின்பக்கக் குழாய்கள் இரண்டும் முதலில் நேராகக் கீழே இறங்கி, பிறகுதான் வெளியே திரும்புகின்றன. நடுவில் காற்றிடைவெளி விட்டு அலுமினியத் தகடு. சூடு நேரே பட்டால் ஜாயிண்டுக்குள் இருக்கும் கிரீஸ் உருகி வடியும். பிறகு ஊசி பேரிங் காய்ந்து இறுகும்.

சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஷாஃப்டுக்கு நேரே குழாயில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத் தடிமனாக ஒட்டுங்கள். முதல் கியரில் கிளட்ச்சை விட்டு ஒரு தள்ளு, உடனே நிறுத்தி அணைத்துவிட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் பதிந்த தடம் களிமண்ணில் அப்படியே இருக்கும். தடத்தின் அடியில் மிச்சம் இருக்கும் களிமண்ணின் தடிமன்தான் உங்கள் உண்மையான இடைவெளி. ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி வைத்தும் பாருங்கள், பூட்டுப் போல்டின் தலை சுற்றி வரும்போதுதான் சில நேரம் தட்டும். என் காரில் இப்போது மிச்சம் 15 மில்லிமீட்டர். செப்பாங் பந்தயத் தடத்தில் முதல் வளைவுக்கு முன்னால் பலமாகப் பிரேக் பிடித்து, திரும்பி, மறுபடி முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தபோதும் ஸ்டீரிங்கில் ஒரு தட்டல் இல்லை. போல்டுத் தலைகளில் பெயிண்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன். டிராக்கிலிருந்து திரும்பியதும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

டொயோட்டா எஞ்சின் போட்டவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம், ஷாஃப்டை எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று எழுதுங்கள். பட்டறை அண்ணனுக்கு அடுத்த வேலை அந்த எஞ்சினில்தான் வந்திருக்கிறது.