6 மாசம் உண்டா, இல்லையா? ஆன்லைன் விவாகரத்துச் சண்டை

குமாஸ்தா: நேத்து ராத்திரி டிஜிட்டல்தமிழன் இங்க ஒரு பதிவு போட்டிருக்கார். "ரெண்டு பேரும் சம்மதிச்சா வக்கீலே வேண்டாம், 6 மாசம் காத்திருக்கவும் வேண்டாம், ஆன்லைன் சேவைக்கு ஐயாயிரம் கட்டினா ஒரே மாசத்துல விவாகரத்து கையில"ன்னு. படிச்சதும் ரத்தம் கொதிச்சுது. ரெண்டு பேரும் சம்மதிச்சு விவாகரத்து கேக்கிற பிரிவு இந்து திருமணச் சட்டம் 13பி, 1976ல கொண்டு வந்தது. மனு போடுறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். மனு போட்டு 6 மாசம் கழிச்சு, 18 மாசத்துக்குள்ள ரெண்டு பேரும் மறுபடி வந்து "ஆமா, வேணும்"னு சொல்லணும். ஐயாயிரம் கட்டினா இதெல்லாம் காணாமப் போயிடுமா?

டிஜிட்டல்தமிழன்: வந்துட்டாருய்யா கோர்ட்டு வாசல் காவலாளி. 2017ல அமர்தீப் சிங் வழக்குல உச்ச நீதிமன்றமே அந்த 6 மாசம் கட்டாயம் இல்லைன்னு சொல்லியாச்சு. அந்த 6 மாசத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி மனு போட்டா முடிஞ்சது.

குமாஸ்தா: தீர்ப்போட பேரைச் சொன்னா போதுமா, உள்ள என்ன இருக்குன்னு படிக்க வேண்டாமா? மனு போடும்போதே ஒண்ணரை வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். சேத்து வைக்க எடுத்த முயற்சி தோத்திருக்கணும். ஜீவனாம்சம், குழந்தை யார்கிட்ட, எல்லாம் பேசி முடிச்சிருக்கணும். அதுக்கப்புறமும் தள்ளுபடி நீதிபதி விருப்பம். கேட்டவங்களுக்கெல்லாம் கிடைக்காது. 6 மாசம்தான் விதி.

தென்றல்: எனக்கு மனு எழுதிக் கொடுத்தது ஒரு ஆன்லைன் சேவைதான். கோர்ட்டுல போய் நின்னது நாங்க ரெண்டு பேரும். இப்ப என் கையில தீர்ப்போட சான்றிட்ட நகல் இருக்கு. பக்கத்துல ஒரு வக்கீல் கேட்ட தொகையைச் சேத்துட்டுப் போகலாம்னு இருந்திருந்தா இன்னும் அந்த வீட்டுலயே இருந்திருப்பேன். ஏழைப்பட்ட பொண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குப் புரியாது சார்.

குமாஸ்தா: உங்களுக்கு 6 மாசம் தள்ளுபடி ஆச்சா, இல்லையா?

தென்றல்: காத்திருந்தோம். அதனால என்ன?

குமாஸ்தா: அதைத்தானே காலையிலேர்ந்து கத்துறேன்!

டிஜிட்டல்தமிழன்: அவங்க காத்திருந்தா எல்லாரும் காத்திருக்கணுமா? உங்க வக்கீல் முதலாளிக்கு ஃபீஸ் குறையுதுன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984, 13ஆம் பிரிவைப் பாருங்க. வக்கீல் வச்சுக்கிறதை உரிமையா கேக்கவே முடியாது அங்க.

குமாஸ்தா: வக்கீல் இல்லாம போகலாம்னு எனக்கும் தெரியும், அதை நான் மறுக்கலை. பேச்சு 6 மாசத்தைப் பத்தி. முதலாளியை இழுக்காதீங்க. 22 வருஷமா இந்த கோர்ட்டு வளாகத்துல பேப்பர் தூக்குறேன். போன வாரம் ஒரு தம்பி ஆன்லைன்ல வாங்கின மனுவோட வந்தான். தலைப்புல "சாகேத், புதுடெல்லி"ன்னு வேற ஊர் கோர்ட்டுப் பேர் அச்சு அப்படியே நிக்குது. கல்யாணம் எங்க நடந்தது, கடைசியா ஒண்ணா எங்க குடியிருந்தாங்கன்னு ஒரு வரி கிடையாது. அது இல்லாம இந்த கோர்ட்டுக்கு வழக்கை விசாரிக்கிற அதிகாரம் எங்கேர்ந்து வரும்? மனுவைத் திருப்பிக் கொடுத்து ரிட்டர்ன் போட்டாங்க. கல்யாணப் பத்திரிகை, போட்டோ எதுவும் இணைக்கலை. கடைசிப் பக்கத்துல "குழந்தைக்காக எக்காலத்திலும் எந்தத் தொகையும் கோர மாட்டேன்"னு அவன் பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கியிருக்கான். குழந்தையோட ஜீவனாம்ச உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துட முடியுமா? மூணு வயசுக் குழந்தைங்க அது. அந்தப் பக்கத்தைப் பாத்ததும் எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

மலைக்கோட்டை: எதுக்கு இத்தனை அலைச்சல்? எங்க சித்தப்பா பையன் பத்திரத்தாள்ல எழுதி நோட்டரி முத்திரை வாங்கினான். வேலை முடிஞ்சது.

குமாஸ்தா: முடியலைங்க. அது செல்லாது. கல்யாணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரம் எழுத நோட்டரிக்கு அதிகாரமே இல்லைன்னு 2024ல மத்திய சட்ட அமைச்சகம் எழுத்துல சொல்லியிருக்கு. உங்க தம்பி அடுத்த கல்யாணம் பண்ணிட்டானா?

மலைக்கோட்டை: எங்க குடும்ப விஷயம் உங்களுக்கு எதுக்கு?

குமாஸ்தா: நீங்கதானே சபையில போட்டீங்க?

பொன்னி: ரெண்டு கட்சிக்கும் ஒண்ணு சொல்றேன். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987ன்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச வக்கீல் உண்டு. மாவட்ட கோர்ட்டு வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு. தென்றல் அக்கா அங்க போயிருந்தா ஐயாயிரமும் மிச்சம்.

தென்றல்: போய் உக்காந்து பாத்தவங்க சொல்லட்டும் தங்கச்சி. ராத்திரி குழந்தை தூங்கினதுக்கப்புறம் போன்ல மனு நிரப்பின நிம்மதி அங்க கிடைக்குமா?

டிஜிட்டல்தமிழன்: பேச்சை மாத்தாதீங்க. 2021 அமித் குமார் வழக்கு தெரியுமா குமாஸ்தாவுக்கு? 2017ல சொன்ன காரணங்கள் எல்லாம் உதாரணம்தான், அதோட நிக்கலைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. உங்க ஒண்ணரை வருஷக் கணக்கு காலி.

குமாஸ்தா: அதுலயும் நீதிபதி முடிவுன்னுதானே இருக்கு? ஆன்லைன் கம்பெனி முடிவுன்னு எந்த வரியில இருக்கு? "ஒரே மாசம்"னு வாக்குக் கொடுக்க நீங்க யாரு?

டிஜிட்டல்தமிழன்: ஆக, தள்ளுபடி உண்டுன்னு ஒத்துக்கிட்டீங்க.

குமாஸ்தா: எங்க ஒத்துக்கிட்டேன்? 6 மாசம்தான் விதி. தள்ளுபடி விதிவிலக்கு. இன்னொண்ணையும் கேட்டுக்கோங்க. ஆன்லைன்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாலே முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்க. தீர்ப்பு வர்றவரைக்கும் ஒருத்தர் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கலாம். 1991லயே உச்ச நீதிமன்றம் சுரேஷ்டா தேவி வழக்குல சொன்னது. அன்னைக்கு உங்க சேவைக்குப் போன் போட்டா எடுப்பாங்களா?

தென்றல்: வக்கீல் மட்டும் எடுத்துடுவாரோ?

குமாஸ்தா: எங்க ஆபீஸ்ல எடுப்போம். அந்த தம்பியோட மனுவை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்காந்து திருத்திக் கொடுத்தது நான்தான். காசு வாங்கலை.

டிஜிட்டல்தமிழன்: பாத்தீங்களா, விளம்பரம்! 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்தைக் கண்டிச்சது மறந்து போச்சா?

குமாஸ்தா: அடேங்கப்பா! அந்தத் தீர்ப்பு யார் மேல வந்தது? ஆன்லைன்ல வக்கீல் பிடிச்சுக் கொடுக்கிற தளங்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொன்ன தீர்ப்பு அது. நீங்க தூக்கிப் பிடிக்கிற கூட்டத்து மேலதான்.

மலைக்கோட்டை: குமாஸ்தா பட்டா மாறுதல் பேச்சுலயும் இப்படித்தான், கடைசி வரைக்கும் விடவே இல்லை. அன்னைக்கு நான் சொன்னதுதான் சரி.

குமாஸ்தா: பட்டா விஷயத்தை இங்க எதுக்கு எடுக்கறீங்க? அதுலயும் நீங்க சொன்னது தப்புதான். வேணும்னா அங்கயே வாங்க, பேசலாம்.

பொன்னி: இலவச வக்கீல் பத்திக் கேட்டேனே, யாராவது பதில் சொல்றீங்களா?

டிஜிட்டல்தமிழன்: என் பதிவை நான் நீக்க மாட்டேன். தள்ளுபடி உண்டு.

குமாஸ்தா: நீக்க வேண்டாம். "ஒரே மாசம்"ங்கிறதை மட்டும் திருத்துங்க. 6 மாசம்.