வேர் தெரிய நின்ற அந்தூரியங்கள்

2018 மார்கழியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்ட நாட்களை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கண்டாவளைப் பக்கம் எங்கள் வளவிலும் முழங்காலளவு தண்ணீர் ஏறி, இரண்டாம் நாள்தான் வடிந்தது. வீட்டுக்குள் சேறு அள்ளி முடித்த பிறகு மாமரத்தடிக்குப் போனேன். அம்மா வைத்த அந்தூரியம், பிகோனியா, பன்னம் எல்லாவற்றிலும் அடிமண் கரைந்து வேர் வெளியே தெரிந்தது.

பதறிப்போய், மண் அணைத்துக் குதிக்காலால் மிதித்து இறுக்கினேன். அதுதான் பிழை. எங்கள் மண் ஈரத்தில் பிசைந்த மாப்போல இருக்கும், காய்ந்தால் செங்கல். வேருக்குக் காற்றே போகவில்லை. ஒரு கிழமைக்குள் தண்டின் அடி கறுத்து, ஒன்பது அந்தூரியத்தில் ஐந்து கையோடு கழன்று வந்தன.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னேன். "ஏனடி மிதிச்சனீ?" என்றுதான் முதலில் கேட்டாள். அவளுடைய நிழல் பாத்தியில் ஹொஸ்டா, ஹியூக்கெரா நிற்கின்றன. பனிக்காலம் முடியும்போது மண் பகலில் இளகி இரவில் மறுபடி உறையுமாம். உறையும் மண் கீழிருந்து ஈரத்தை இழுத்து உள்ளே பனிக்கட்டித் தட்டுகளாகக் கட்டும். அவை தடிக்கத் தடிக்கச் செடி மேலே தள்ளப்படும். வேர் ஆழம் போகாத ஹியூக்கெராதான் முதலில் கிளம்பும். மண் உறைந்திருக்கும்போது அவள் அமத்த மாட்டாள், வேர் முறிந்துவிடும். சருகால் மூடி வைத்து, இளகியதும் கையால் மெல்லப் பதிப்பாள்.

இங்கே உறைபனி ஏது? ஆனால் முதலில் மூடு, பிறகு பொறு, கடைசியில் பதி என்ற அவளுடைய ஒழுங்கு எங்கள் சேற்றுக்கும் சரியாக வந்தது. மிச்சம் நான்கையும் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் வெட்டினேன். வேர்மேல் மாஞ்சருகை இறுக்காமல் பரப்பினேன். தினமும் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்ப்பேன்; கையில் ஒட்டாமல் உதிர்ந்த அன்றுதான் நட்டேன், விரலால் மட்டும் அமத்தி. அந்தூரியத்தின் குருத்தைப் புதைக்கக்கூடாது. தண்டில் வரும் வேருக்கு மண் வேண்டாம், ஊறவைத்த பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) துண்டுகளே போதும். புது இலை வரும்வரை உரம் தொடவில்லை. மாசியில் முதல் இலை சுருள் விரித்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுமொழி, மன்னார் முருங்கனிலிருந்து:

தங்கச்சி, எங்களுக்கு மாரியைவிடக் கோடைதான் வில்லங்கம். இந்தக் கரிய களிமண் காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு மஞ்சள், கச்சோலப் பாத்திக்குள் போனால் வேரை அறுத்துவிடும். முன்பு வெடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவேன், எல்லாம் வெடிப்பு வழியே கீழே போய்விடும். இப்போது மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போதே வேப்பஞ்சருகை நாலு விரல் தடிப்பில் போடுகிறேன். அதையும் மீறி வெடித்தால் உக்கிய எருவை மணலோடு கலந்து வெடிப்பில் நிரப்பி, பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாக நனைப்பேன். கச்சோலம் கோடையில் இலை உதிர்ந்து மறைந்தாலும் கிண்டிப் பார்க்காதீர்கள், கிழங்கு உள்ளே உயிரோடு கிடக்கும்.